பழைய டேர்போ வேகனும் அதன் ஒயிலும்

இலங்கையில் 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025இன் தொடக்கத்தில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில், இருப்பதைக் காப்பாற்றி ஓட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. திருகோணமலை வீதிகளில் இன்றும் ஓடும் பழைய வேகன் கார்களில் டேர்போ பூட்டியவையும் உண்டு. புகை கொஞ்சம் கூடினால் போதும், "டேர்போ போய்விட்டது, மாற்றுங்கள்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். இந்தத் தீர்ப்புகளில் பல அவசரப்பட்டவை என்பது என் கருத்து.

எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு புகைக்குழாய் வழியே சூடாக வெளியேறிவிடுகிறது. அந்தச் சூட்டுப் புகையால் ஒரு சுழலியைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையிலுள்ள சில்லால் வளியை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் ஏற்பாடுதான் டேர்போ. அதற்கு சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பியூக்கி 1905இல் காப்புரிமை பெற்றார். கூடுதல் வளி வந்தால் கூடுதல் ஒட்சிசன் வரும். கூடுதல் எரிபொருளை எரிக்கலாம். குடும்பத்தையும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிக்கொண்டு ஹபரணைக் காட்டுப் பாதையில் ஒரு லொறியை முந்தும்போது இந்த மேலதிக பலத்தின் அருமை தெரியும்.

ஆனால் அழுத்தப்படும் வளி சூடாகும். கச்சான் காற்று வீசும் நாளொன்றில் வெளியே 35 பாகை செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். வளியின் அமுக்கத்தை இரு மடங்காக்கினால் அதன் வெப்பநிலை 130 பாகையை நெருங்கும். சூட்டில் வளி விரிந்துவிடுவதால், அமுக்கம் இரு மடங்கானாலும் அடர்த்தி ஏறத்தாழ ஒன்றரை மடங்குதான். அழுத்திய வளியை என்ஜினுக்குள் போகுமுன் குளிர்விக்கும் இன்டர்கூலர் அதை 60 பாகைக்கு இறக்கிவிட்டால் அடர்த்தி 1.8 மடங்கைத் தாண்டும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரமாக நிற்கும் கார்களில் இன்டர்கூலரின் மெல்லிய அலுமினியத் தகடுகளை உப்புக்காற்று அரித்துவிடுகிறது. கார் ஏறமாட்டேன் என்று முரண்டுபிடித்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. அடுத்தது றப்பர் குழாய்கள். வயதான குழாயில் ஒரு வெடிப்பு விழுந்தால் அழுத்திய வளி வெளியே சீறிப் போய்விடும், கரும்புகை வரும், பழி டேர்போவின் மேல் விழும்.

டேர்போவின் தண்டு நிமிடத்துக்கு 1,50,000 சுற்று சுற்றுவது சாதாரணம். ஐந்து சென்ரிமீற்றர் அகலமான சில்லின் விளிம்பு அப்போது செக்கனுக்கு ஏறத்தாழ 390 மீற்றர் வேகத்தில் ஓடுகிறது. வளியில் ஒலியின் வேகமே 340 மீற்றர் அளவில்தான். கிழிந்த வளி வடிகட்டி வழியாக நுழையும் கடற்கரை மணல் இந்த வேகத்தில் சில்லின் விளிம்பைத் தின்றுவிடும். இவ்வளவு வேகத்தையும் பெரும்பாலான பழைய டேர்போக்களில் தாங்குவது குண்டு பேரிங் அன்று, மெல்லிய ஒயில் படலம். தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையில் அதற்காகவே இடைவெளி விடப்பட்டிருக்கிறது.

என்ஜின் ஆறியபின் உள்ளெடுப்புக் குழாயைக் கழற்றி, சில்லின் நடு நட்டை இரு விரலால் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கொஞ்சம் ஆடும். ஒயில் அமுக்கம் இல்லாத நேரத்தில் அப்படி ஆடுவது இயல்பு. அதைப் பார்த்தே டேர்போவைக் கழிப்பவர்கள் இருக்கிறார்கள். பயப்பட வேண்டியது, தண்டை முன்னும் பின்னும் தள்ளும்போது அது தெளிவாக நகர்ந்தாலோ, சில்லு உறையில் உரசிய கீறல் தெரிந்தாலோதான்.

கந்தளாயிலிருந்து வேகமாக ஓடிவந்து, வீட்டு வாசலில் உடனே சாவியைத் திருப்புவதுதான் பழைய டேர்போவுக்குப் பெருங்கேடு. சுழலிப் பக்கம் பல நூறு பாகை சூட்டில் இருக்க, ஒயில் ஓட்டம் நின்றுவிடுகிறது. உள்ளே தேங்கிய ஒயில் கருகி, பலமுறை வடை பொரித்த தாச்சியின் அடியில் போலக் கறுப்புப் படிவாக ஒட்டிக்கொள்கிறது. கடைசிச் சில கிலோமீற்றரை நிதானமாக ஓட்டி வந்தால் அதுவே போதும்; மிதித்து ஓட்டி வந்து நிறுத்தினால் ஓரிரு நிமிடம் என்ஜினைச் சும்மா ஓட விடுங்கள். உயர்தர செயற்கை ஒயில் இந்தக் கருகலை நன்றாகவே தாங்கும். ஒயிலில் மிச்சம் பிடிப்பது இந்தக் கார்களுக்குக் கட்டுபடியாகாது.

நீலப் புகை வந்தாலும் பொறுங்கள். டேர்போவின் ஒயில் சீல், மோதிரம் போன்ற உலோக வளையம். றப்பர் சீல் போல ஒயிலை முற்றாக அடைத்து நிற்காது. டேர்போவிலிருந்து ஒயில் தன் எடையாலேயே கீழே வடிய வேண்டும். வடிகுழாய் அடைபட்டாலோ, என்ஜினின் மூச்சுக்குழாய் அடைத்து உள்ளே அமுக்கம் ஏறினாலோ, வடிய இடமில்லாத ஒயில் வளையத்தைத் தாண்டிப் புகையாகிறது. இந்த நிலையில் புது டேர்போ பூட்டினாலும் அதுவும் புகைக்கும்.

டேர்போவை மாற்றியே ஆகவேண்டும் என்று வந்தால், அதற்கு ஒயில் கொண்டுவரும் மெல்லிய குழாயையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். பழையதை எதற்கு எறிவது என்று கராஜில் கேட்பார்கள். முதல் டேர்போவைப் பட்டினி போட்ட கரி அந்தக் குழாய்க்குள்தான் இருக்கிறது. பூட்டியபின் டேர்போவின் ஒயில் துவாரத்தில் புது ஒயில் விட்டு, கையால் தண்டைச் சுழற்றிவிட வேண்டும். பிறகு எரிபொருளைத் துண்டித்துவிட்டு, ஒயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரால் என்ஜினைச் சுற்ற விட்டு, அதன் பின்னரே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.