ரிப்போட்டில பாதரசம் இல்லை எண்டு வந்தா உடனே நம்பிடாதீங்க

மண் சோதனை ரிப்போட்டில பாதரசம் இல்லை எண்டு வந்தா, அந்த மண்ண யார் எடுத்தது, எதுல போட்டது, எப்படிக் காய வெச்சது எண்டு முதல்ல கேளுங்க. லேப்ல வேலை செய்யுற ஆளா இதத்தான் வாறவங்க எல்லாருக்கும் சொல்லுறன், ஏனெண்டா ஈயம் இருந்த இடத்துலயே கிடக்கும், பாதரசம் அப்படிக் கிடக்காது, சாதாரண வெக்கையிலயே கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகிப் போகும்.

ஏறாவூர் பக்கமிருந்து ஒரு அண்ணன் தன்ட வளவு மண்ண ஷொப்பிங் பேக்ல கட்டிக் கொண்டு வந்தவர், பக்கத்துல பழைய டியூப் லைட், பேட்டரி எல்லாம் உடைக்கிற இடமாம், புள்ளைகள் விளையாடுற வளவெண்டு பயந்துபோய் வந்திருக்கார். மண் ஈரமா இருந்ததெண்டு தகரத்துல பரப்பி வெயில்ல காயவும் வெச்சிருக்கார். அந்த வெயில்லயே ஒரு பங்கு போயிருக்கும், மிச்சத்த அளந்து நம்பர் குடுத்தா அது அவருக்குச் செய்யுற அநியாயம். திரும்ப எடுத்துட்டு வரச் சொன்னன்.

எடுக்கிற முறை பெரிய வித்தை இல்ல. புகை, தூசியில வந்த பாதரசம் அனேகமா மேல் மண்ணுலதான் தங்கும், அதால மேல நாலஞ்சு சென்டிமீட்டர் மண்ண தனியா எடுங்க, ஆழத்து மண்ண வேற போத்தல்ல போடுங்க, ரெண்டையும் கலந்தா அளவு குறைஞ்சு காட்டும். இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் போத்தல் வேணும், பிளாஸ்டிக் வேணாம். வெயிலும் படக்கூடாது, குளிரா வெச்சு கெதியா லேப்புக்கு கொண்டு வாங்க, காய வைக்கிறத நாங்க பாத்துக்கிறம்.

இன்னொண்டு, காத்து. எங்கட மட்டக்களப்புப் பக்கம் கச்சான் எண்ட மேல்காத்து அடிக்கிற மாசங்கள்ல புகை கடல் பக்கம் போகும், வாடை எண்ட வடகீழ் காத்துல உள்ளுக்கு வரும், அதால உடைக்கிற இடமோ ஃபெக்டரியோ, அதுக்கு ஒரு பக்கத்து மண்ண மட்டும் எடுத்துட்டு ஊரே சுத்தம் எண்டு சொல்லேலாது. ஒப்பிட்டுப் பாக்க தூரத்துல இருந்தும் மண் வேணும், அதுவும் அதே வகை மண்ணா இருக்கணும். கல்லடிக் கடற்கரை மணல் பாதரசத்த அவ்வளவா பிடிச்சு வைக்காது, வாவிக்கரைச் சேறும் வயல் களியும் நல்லாப் பிடிக்கும், இந்த ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்து என்ன பிரயோசனம்.

எனக்கு பெரிய கவலை அந்தச் சேறும் வயலும்தான். காத்துப் போகாத, தண்ணி நிக்கிற மண்ணுல சில பக்டீரியாக்கள் பாதரசத்த மெதில் பாதரசமா மாத்திடும், அது சின்ன மீனுல ஏறி, அதத் தின்னுற பெரிய மீனுல இன்னும் கூடிப்போய், கடைசியில எங்கட சட்டிக்கு வரும், வயித்துல இருக்கிற குழந்தையின்ட மூளையத்தான் முதல்ல அடிக்கும். 1956ல ஜப்பான்ட மினமாட்டாவில வெளிய தெரிய வந்தது மெதில் பாதரசம் மீன் வழியா ஆக்களுக்கு ஏறின நோய்தான். அந்த ஊர் பேருல வந்த, பாதரசத்தக் கட்டுப்படுத்துற உலக ஒப்பந்தத்துல 2017ல இலங்கையும் சேந்திருக்கு.

லேப்ல மண்ண அமிலத்துல கரைச்சு, பாதரசத்த ஆவியாக்கி, அது 253.7 நானோமீட்டர் ஒளிய எவ்வளவு உறிஞ்சுதெண்டு பாத்துத்தான் அளக்கிறம். கையில பிடிச்சு மண்ணுல வெச்சு காட்டுற எக்ஸ்ரே மிஷின்கள்ல அனேகமானது ஒரு கிலோ மண்ணுல சில மில்லிகிராமுக்குக் கீழ இருந்தா பிடிக்காது, மாசுபடாத மண்ணுலயோ அனேகமா 0.1 மில்லிகிராமும் இருக்காது. அந்த இடைவெளிக்குள்ள இருக்கிறதெல்லாம் ரிப்போட்டில "இல்லை" எண்டுதான் வரும். அதனால ரிப்போட் வாங்கும்போது எந்த முறையில அளந்தது, ஆகக் குறைஞ்சது எவ்வளவு வரைக்கும் பிடிக்கும் எண்டு ரெண்டையும் எழுதித் தரச் சொல்லுங்க.