பெட்டிக்கு ஒரு கீறலும் இல்லை

இந்த மாதத்தில் இது மூன்றாவது. கடலில் முங்குபவர்கள் சிலிண்டர் காற்றைச் சுவாசிக்க உதவும் ரெகுலேட்டரை என் பழுதுபார்ப்பு மேசையில் வைத்துவிட்டு, “ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சுமந்துகொண்டு போய், கடைசியில் வாடகைக்கு எடுத்துத்தான் முங்கினேன்” என்றார் வந்தவர். எடுத்துப் பார்த்தேன். சிலிண்டரில் திருகும் டின் இணைப்பின் முதல் மரை ஓரிடத்தில் நெல்மணி அளவுக்கு நசுங்கியிருந்தது. நகத்தை வைத்து ஓட்டினால் அங்கே மட்டும் தட்டுகிறது. சேதம் அவ்வளவுதான். ஆனால் முதல் மரை பிடிக்காவிட்டால் மற்ற மரைகள் நன்றாக இருந்து என்ன பயன்? கூடவே வந்த, ஆழமும் நேரமும் காட்டும் டைவ் கம்ப்யூட்டரின் கண்ணாடியில் சிலந்தி வலை போல விரிசல்.

பெட்டியையும் கொண்டுவந்திருந்தார். விலை உயர்ந்த பாலிகார்பனேட் சூட்கேஸ். அதில் ஒரு கீறல்கூட இல்லை. “இவ்வளவு உறுதியான பெட்டிக்குள் இருந்து எப்படி உடைந்தது?” என்று என்னிடமே கேட்டார்.

அதற்குள் இருந்ததால்தான் உடைந்தது. ஓடு கடினமாக இருந்தால் உள்ளே இருப்பது பத்திரம் என்ற நம்பிக்கையோடுதான் எனக்குப் பல வருடச் சண்டை. தகர டப்பாவில் முட்டையைப் போட்டுக் குலுக்கிப் பாருங்கள். டப்பாவுக்கு ஒன்றும் ஆகாது. விமான நிலையத்தில் உங்கள் பெட்டி பட்டையிலிருந்து சரிந்து விழும், வண்டியில் எறியப்படும், மேலே நான்கு பெட்டிகள் ஏறும். ஒவ்வொரு முறை விழும்போதும் பெட்டி நின்றுவிடுகிறது, உள்ளே இருப்பது நிற்பதில்லை. ரெகுலேட்டரின் பித்தளைத் தலை கனமான ஒரு சுத்தியல். இவர் அதை, சிலிண்டரைத் தாங்கும் எவர்சில்வர் முதுகுத்தகட்டின் பக்கத்தில், மூடிகூடப் போடாமல், நடுவே ஒரு சட்டை மட்டும் வைத்து அடுக்கியிருக்கிறார். சுத்தியலும் பட்டடையும் ஒரே அறையில்! கடினமான ஓடு வெளியிலிருந்து நசுங்குவதைத் தடுக்கும். உள்ளுக்குள் நடக்கும் மோதலுக்கு அது வெறும் பார்வையாளர்.

அப்படியானால் ஃபோம் அடைத்த பாதுகாப்புப் பெட்டி வாங்கலாமே என்பார்கள். கேமராவுக்கு வாங்குங்கள், தாராளமாக. முழு டைவிங் செட்டும் கொள்கிற அளவில் வாங்கினால் காலிப் பெட்டியே 7 கிலோவைத் தாண்டும். 23 கிலோ அனுமதியில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விட்டது. மிச்சத்துக்கு எடைக்கட்டணம் கட்டுவீர்கள், அல்லது கவுன்டர் முன் தரையில் பெட்டியைத் திறந்து, காலில் மாட்டும் துடுப்பான ஃபின்னைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். இன்னொன்று: கேமராவின் நீர்புகா உறையைக் காற்றுப்புகாமல் மூடி அனுப்பாதீர்கள். இடுக்கை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைக் கழற்றித் தனியே வையுங்கள். இல்லையென்றால் தரையிறங்கிய பின் திறக்க வராமல் திருப்புளியால் நெம்புவீர்கள், அப்புறம் அதுவும் என் மேசைக்குத்தான் வரும்.

நான் சொல்லும் பை அழகாக இருக்காது. அடியில் கெட்டித் தகடு, பக்கங்களில் தடித்த துணி, பெரிய சக்கரங்கள். காலி எடை 4 கிலோவுக்குள் இருக்கட்டும். சக்கரத்தைத் திருகு கழற்றி மாற்ற முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள், பையில் முதலில் சாவது அதுதான். ஜிப் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். உலோக ஜிப் உப்புத் தண்ணீரோடு ஒரு வருடம்கூடக் குடித்தனம் நடத்தாது. டைவிங் கம்பெனியின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும் பை வேண்டாம். உள்ளே விலை உயர்ந்த பொருள் இருக்கிறது என்று நீங்களே ஏன் ஊருக்கு அறிவிக்க வேண்டும்?

துணிப்பையில் நசுங்காதா? அடுக்கத் தெரிந்தால் நசுங்காது. இரண்டு ஃபின்களும் இரண்டு பக்கச் சுவர்கள். மிதப்பதற்குக் காற்று நிரப்பும் அங்கியான பிசிடியை மடித்து அடியில் மெத்தையாக விரியுங்கள். குளிர் தாங்க அணியும் ரப்பர் உடையான வெட்சூட்டைவிட நல்ல திணிப்பு காசு கொடுத்தாலும் கிடைக்காது, அதை மேலே போர்த்துங்கள். மாஸ்க்குக்கு அதோடு வந்த கெட்டி டப்பாவைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அழுந்திய சிலிக்கோன் விளிம்பு கோணிவிட்டால் முகத்தில் பொருந்தாது, தண்ணீர் கசியும். நிறமற்ற சிலிக்கோனைக் கறுப்பு ரப்பர் மேல் படவிட்டால் கறை ஏறும், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

ரெகுலேட்டரும் கம்ப்யூட்டரும் பெரிய பைக்குள் போகவே கூடாது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. திணிப்பு வைத்த சிறு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். இணைப்புக்கு மூடி போடுங்கள், குழாய்களை அகலமான வட்டமாகச் சுருட்டுங்கள், முனைகளில் ஒடிக்காதீர்கள். பல விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோதான், அதற்குள் இவை அடங்கும். எக்ஸ்ரேயில் அது வினோதமாகத் தெரியும், திறக்கச் சொல்வார்கள். மேலாக வைத்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். கத்தி மட்டும் பெரிய பையில்.

“சரக்கு அறையில் காற்றழுத்தம் இருக்காது, ரெகுலேட்டர் வெடித்துவிடும், அதனால்தானே கையில் கொண்டுபோகச் சொல்கிறீர்கள்?” என்று கேட்பவர்களும் உண்டு. ஐயா, அங்கேயும் பயணிகள் அறையின் அதே அழுத்தம்தான். 200 பார் அழுத்தத்தைத் தாங்கும் கருவி அது.

டார்ச்சின் மாற்று லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும், முனைகளை ஒட்டுநாடாவால் மூடி. 100 வாட்-மணி வரை பொதுவாகச் சிக்கல் இல்லை, 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் கிடையாது. டார்ச்சுக்குள் இருப்பதையும் கழற்றிவிடுங்கள், தானாக எரிந்தால் அந்தச் சூடு சும்மா விடாது. இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. விமானத்தில் இடமில்லை என்று வாசலில் வைத்துக் கைப்பையை வாங்கிக் கீழே அனுப்புவார்கள். அப்போது பேட்டரிகள் உங்களோடு இருக்க வேண்டும், ரெகுலேட்டரும்தான். இரண்டையும் ஒரே இழுப்பில் வெளியே எடுக்கும்படி தனி உறையில் வையுங்கள்.

திரும்பும்போதுதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். பல நாட்கள் முங்கியவர்கள் கடைசி முக்குளிப்புக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நேரம் உடம்புக்கு மட்டுமல்ல, கருவிகளுக்கும்தான். தயவுசெய்து நல்ல தண்ணீரில் அலசி நிழலில் தொங்கவிடுங்கள். ரெகுலேட்டரின் மூடிக்குள் ஈரம் இருக்கிறதா என்று பார்த்து, துடைத்துவிட்டு மூடுங்கள். பிசிடியைத் தலைகீழாகப் பிடித்து, ஊதும் குழாயின் பொத்தானை அழுத்துங்கள். காலி என்று நினைத்ததிலிருந்து அரை லிட்டர் கடல் கொட்டும்.