‘பேப்பர்ஸ்’: ஓர் அறிஞர் விட்டுப்போகும் பெட்டிகளுக்குத் தமிழில் என்ன பெயர்?

வெளிநாட்டுப் பல்கலைக்கழக நூலகங்களின் பட்டியலில் ஒரு வேதாகம அறிஞரின் பெயர் இருக்கும்; பக்கத்திலேயே ‘பேப்பர்ஸ்’ என்று ஒரு சொல். கீழே அவர் வாழ்ந்த ஆண்டுகள், பெட்டிகளின் எண்ணிக்கை, அலமாரியில் அவை எத்தனை அடி நீளத்துக்கு இடம் பிடிக்கும் என்ற கணக்கு. இதைத் தமிழில் எழுத உட்காரும் மாணவர், அகராதியைக்கூடத் திறக்காமல் ‘தாள்கள்’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். அதை எங்கள் வேலூர்ப் பக்கம் காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ படிக்கிறவருக்கு முதலில் நினைவுக்கு வருவது திருத்தாத விடைத்தாள் கட்டு.

அவரைக் குறை சொல்ல முடியாது. ‘பேப்பர்’ நம் வீடுகளில் அவ்வளவு வேலை பார்க்கிற சொல். “பேப்பர் வந்துச்சா?” என்றால் செய்தித்தாள். “சார் பேப்பர் திருத்துறாரு” என்றால் பரீட்சை. கருத்தரங்கில் பேப்பர் வாசிப்பது கட்டுரை படிப்பது. “வீட்டு பேப்பர் பேங்க்ல இருக்குது” என்றால் பத்திரம். “பையன் பேப்பர் போட்டுட்டான்” என்றால் வேலையை விட்டுவிட்டான். தெருவில் தள்ளுவண்டிக்காரர் “பழைய பேப்பரே...” என்று கூவிக்கொண்டு வந்தால் எடைக்குப் போடுகிற எல்லாமே பேப்பர்தான். இத்தனை பொருளில் ஒன்றுகூட அந்த நூலகப் பட்டியலில் உள்ள பொருள் இல்லை. கடைசியாகச் சொன்னதுதான் கொஞ்சம் கிட்டே வருகிறது, அதுவும் வேதனையான வகையில். அதைப் பிறகு பார்ப்போம்.

ஆவணக் காப்பகத்தார் பழக்கத்தில் மூன்று வகையைப் பிரித்துப் பேசுவார்கள். ஓர் அலுவலகமோ திருச்சபையோ கல்லூரியோ தன் அன்றாட நடப்பில் உண்டாக்கிச் சேர்த்துவைத்தவை ஒரு வகை: கூட்டக் குறிப்பு, ஞானஸ்நானப் பதிவேடு, கணக்குப் புத்தகம் போன்றவை. ஆர்வமுள்ள ஒருவர் பல இடங்களிலிருந்து தேடித் திரட்டியது இன்னொரு வகை. ஒரு தனி மனிதரின் வாழ்க்கை நடந்து போகிற போக்கில் அவரைச் சுற்றிச் சேர்ந்தவை மூன்றாம் வகை. ‘பேப்பர்ஸ்’ என்பது இந்த மூன்றாவதற்கு மட்டும் வைத்திருக்கும் பெயர். வாணியம்பாடி பக்கம் உதயேந்திரத்தில் கிடைத்த பல்லவர் செப்பேடு முதல் வகையைச் சேர்ந்தது. அரசன் யாருக்கு எந்த ஊரைக் கொடுத்தான் என்று அது சொல்லும். அதை வெட்டியவன் ராத்திரி வீட்டுக்குப் போய் என்ன நினைத்தான் என்று சொல்லாது. அதைச் சொல்லக்கூடியது மூன்றாம் வகை.

ஒரு வேதாகம அறிஞரின் பெட்டியில் என்னென்ன இருக்கும்? கடிதங்கள்தான் முக்கால்வாசி. வகுப்புக்கான குறிப்புகள், பிரசங்கக் குறிப்புகள், அச்சுக்குப் போகுமுன் அடித்துத் திருத்திய கைப்படிகள், மெய்ப்புகள், மொழிபெயர்ப்புக் குழுவின் கூட்டக் குறிப்புகள், இரண்டு சுவடிகளை வரிக்கு வரி ஒப்பிட்டு வேறுபாடு குறித்த அட்டைகள், ஓரமெல்லாம் பென்சில் எழுத்து நெருக்கிய பழைய பைபிள். கூடவே கல்யாணப் பத்திரிகை, ரயில் சீட்டு, மருந்துச் சீட்டு, மகளுக்கு எழுதி அனுப்பாமல் விட்ட கடிதம். சொந்த விஷயம் எது, தொழில் விஷயம் எது என்று பிரிக்க உட்கார்ந்தால் கை ஓடாது. மின்கட்டண ரசீதின் பின்புறத்தில் ரோமர் நிருபத்துக்கு விளக்கக் குறிப்பு இருந்தால் அதை எந்தக் கோப்பில் வைப்பது?

இதற்காகவே இந்தத் துறையில் ஒரு பழைய விதி உண்டு. 1841இல் பிரான்ஸ் நாட்டு ஆவணக் காப்பகங்களுக்கு அனுப்பிய ஒரு சுற்றறிக்கையில் அது தெளிவாக வந்தது: ஒருவரிடமிருந்து வந்தவற்றை மற்றவருடையவற்றோடு கலக்காதே. பிறகு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: அவர் எந்த வரிசையில் வைத்திருந்தாரோ அதைக் கலைக்காதே. தலைப்பு வாரியாக அழகாக அடுக்கிக் கொடுக்க நினைக்கும் நல்ல மனசுக்காரப் பேரப்பிள்ளைகள் முதலில் கேட்க வேண்டிய சேதி இது.

இனி சொல்லின் வேர். ‘பேப்பர்’ கிரேக்கத்தின் ‘பாப்பிரஸ்’ என்ற சொல்லில் தொடங்குகிறது. நைல் ஆற்றங்கரையில் வளரும் ஒரு கோரை அது. பழைய வட ஆர்க்காட்டின் வந்தவாசியில் பாய் நெய்கிறார்களே, அந்தக் கோரையின் பெரிய பங்காளி. தாவர நூலில் இரண்டும் ஒரே பேரினம். அதன் தண்டைக் கீறி, நெடுக்கும் குறுக்குமாக அடுக்கி, அழுத்திக் காயவைத்தால் எழுதும் பரப்பு கிடைக்கும். இந்தச் சரக்கைக் கிரேக்கர்களுக்கு விற்ற பினீசியத் துறைமுகத்துக்கு அவர்கள் வைத்த பெயர் பிப்லோஸ். அதிலிருந்து ‘பிப்லியோன்’, அதாவது சிறு நூல், அதன் பன்மை ‘பிப்லியா’, அங்கிருந்து பைபிள். ஆக, பைபிளும் பேப்பரும் ஒரே கோரையில் போய் முடிகின்றன.

தமிழில் ‘தாள்’ என்றாலும் முதற்பொருள்களில் ஒன்று தண்டுதான். நெல் அறுத்தபின் வயலில் நிற்பது நெற்றாள். காலடியும் தாள், முயற்சியும் தாள். எழுதும் தாள் பிற்பாடு வந்த பொருள். ஒப்புமை தற்செயலாகவே இருக்கலாம், இருந்தாலும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதை வைத்து ‘தாள்கள்’ என்றே எழுதலாமே என்று கேட்பார்கள். தாள் ஒரு பொருளைச் சொல்கிறது. நமக்கு வேண்டியது ஒருவர் வாழ்ந்த தடயம். புகைப்படமும் ஒலிநாடாவும் மூக்குக்கண்ணாடியும் அந்தப் பெட்டிக்குள் இருந்தால் அவற்றைத் தாள் என்பது எப்படி?

‘காகிதம்’ பாரசீகத்திலிருந்து வந்தது. ‘கடுதாசி’ போர்த்துக்கீசியர் வழி வந்தது என்பார்கள். நவாபு ஆண்ட சீமை என்பதால் நம் பக்கம் பாரசீகச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. தாசில்தார், பசலி, ஜமாபந்தி எல்லாம் இன்றும் வருவாய்த் துறையில் புழங்குபவை. அந்த வரிசையில், ஆவணம் என்று பொருள்படும் ‘தஸ்தாவேஜு’ நமக்கு முக்கியம். தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் எஸ்றா 6ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தரியு ராஜாவின் கட்டளைப்படி பாபிலோன் கஜானாவில் உள்ள ‘தஸ்தாவேஜு அறையை’ச் சோதிக்கிறார்கள், கடைசியில் அக்மேதா அரமனையில் ஒரு சுருள் அகப்படுகிறது. எருசலேம் ஆலயத்தைக் கட்டச் சொன்ன, முன்னிருந்த ராஜா கோரேசின் கட்டளை அதில் இருக்கிறது. ஓர் ஆவணக் காப்பகத்தின் பயனை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. மொழிபெயர்த்தவர்கள் தாலுகா கச்சேரித் தமிழைத் தயங்காமல் எடுத்துப் போட்டதும் எனக்குப் பிடிக்கிறது.

‘தப்தர்’ என்று இன்னொரு கச்சேரிச் சொல், கோப்புக்கும் அலுவலகத்துக்கும். பாரசீகத்தில் அது ‘தஃப்தர்’. அதற்கும் மூலம் கிரேக்கத்தின் ‘திப்தெரா’. பொருள்: பதனிட்ட தோல். தோலில் எழுதிய காலத்து மிச்சம். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என்று தோல் பதனிடுவதையே பிழைப்பாகக் கொண்ட ஊர்கள் நிறைந்த பகுதியில் இதைச் சொல்லாமல் போக முடியுமா? பவுல் அப்போஸ்தலனும் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, துரோவாவில் கார்ப்பு வசம் விட்டுவந்த மேலங்கியையும் புஸ்தகங்களையும், ‘விசேஷமாய்த் தோற்சுருள்களையும்’ எடுத்துவரச் சொல்கிறார். அந்தச் சுருள்களில் என்ன இருந்தது என்று உரைகாரர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். வேத வசனமா, சொந்தக் குறிப்பா, ரோமக் குடியுரிமைச் சான்றா? எதுவானாலும் குளிருக்கு வேண்டிய அங்கியோடு சேர்த்துக் கேட்டிருக்கிறார். வேதாகம உலகில் நமக்குத் தெரிந்த பழைய ‘பேப்பர்ஸ்’ இதுதான் என்பேன்.

நம் மரபில் ஏடு, ஓலை, சுவடி மூன்றும் இருக்கின்றன. ‘சுவடி’ பனையோலைக் கட்டோடு ஒட்டிப்போன சொல். தட்டச்சு செய்த கடிதத்தைச் சுவடி என்றால் உறுத்தும். மிஞ்சுவது ஆவணம். இதன் கதை நீளமானது. அகநானூற்றில் ‘மல்லல் ஆவணம்’ என்றால் வளமான கடைத்தெரு. வடமொழி ‘ஆபணம்’ என்பதோடு இதைச் சேர்த்துப் பேசுகிறவர்கள் உண்டு. கடைத்தெருவில் வாங்கல் விற்றல் நடக்க, அதற்கான எழுத்துக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது போலும்.

பெரியபுராணத்துக்கு வரும்போது பொருள் முழுசாக மாறியிருக்கிறது. சுந்தரர் கல்யாணப் பந்தலில் கிழவர் ஒருவர் ஓலையோடு வந்து, “இவன் என் அடிமை” என்கிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழிக்கிறார். வழக்கு பக்கத்துத் தென்னார்க்காட்டுத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. கிழிந்தது படியோலைதான், மூலவோலை பத்திரமாக இருக்கிறது என்கிறார் கிழவர். அதற்கப்புறம் சபையார் செய்வதுதான் நமக்கு வேண்டியது. சுந்தரரின் பாட்டனார் வேறெங்காவது கைப்பட எழுதிய கைச்சாத்து இருந்தால் கொண்டுவந்து எழுத்தை ஒப்புநோக்கலாம் என்கிறார்கள். ‘அரண்தரு காப்பில்’ வைத்திருந்த வேறோர் ஓலையை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இறந்துபோன ஒருவரின் கையெழுத்து, பாதுகாப்பான இடம், பின்னால் வருகிறவர்கள் எடுத்து ஒப்பிட்டு உண்மை தேடுவது. 12ஆம் நூற்றாண்டுக் காவியத்தில் எல்லாம் இருக்கிறது. எழும்பூரில் 1909இல் அமைந்த மெட்ராஸ் ரெக்கார்ட் ஆபீஸ் பின்னாளில் ‘தமிழ்நாடு ஆவணக் காப்பகம்’ ஆனபோது, ஆவணமும் காப்பும் மறுபடி ஒரே பெயரில் சேர்ந்துகொண்டன.

சிலர் ஜெர்மானியரைப் பார்த்து இன்னொரு வழி சொல்வார்கள். அவர்கள் இவ்வகைத் தொகுப்புக்கு ‘நாக்லாஸ்’ என்பார்கள். பின்னால் விட்டுப்போனது என்று பொருள். தமிழில் அச்சு அசலாக ‘எச்சம்’. ‘தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும்’ என்ற குறளில் எச்சம் என்பதற்குப் பரிமேலழகர் மக்கள் என்று உரை சொன்னார். புகழும் பழியும் என்று கொண்டவர்களும் உண்டு. கடிதங்களும் குறிப்புகளும் என்று கொண்டாலும் குறள் இடறாது. ஆனால் நடப்பில் எச்சம் என்றால் காக்கை போட்டதுதான் நினைவுக்கு வரும். ‘பேராசிரியரின் எச்சம்’ என்று பட்டியலில் எழுத எந்த நூலகருக்கும் துணிச்சல் வராது, வரவும் வேண்டாம்.

என் தேர்வு ‘தனியாவணங்கள்’. அரசு, நிறுவன ஆவணங்களிலிருந்து இது விலகி நிற்கிறது. ஒற்றை மனிதருடையது என்பதும் தெரிகிறது. ‘சொந்த மற்றும் தொழில்முறைத் தாள்கள்’ என்று நீட்டி முழக்குவதைவிட ‘வாழ்வும் பணியும் சார்ந்த தனியாவணங்கள்’ என்றால் வாய்க்கும் வசதி. மின்னஞ்சலும் பென்டிரைவும் நாளைக்கு அந்தப் பெட்டிக்குள் வரும்போது ஆவணம் அவற்றுக்கும் இடம் கொடுக்கும். தாள் கொடுக்காது.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் உட்கார்ந்து மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. அவர் 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி எழுதிய பெரிய நூல் ஜெர்மனியின் ஹாலேவுக்குப் போய் அப்படியே கிடந்தது. புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பினோமே தவிர அதைப் பரப்ப அனுப்பவில்லை என்பது அங்கிருந்த மிஷன் தலைவர்களின் எண்ணம். 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. யாராவது அதை அடுப்பெரிக்கக் கொடுத்திருந்தால் 18ஆம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டின் சமய வாழ்க்கையைக் கண்ணால் கண்டு எழுதிய ஒரு சாட்சி போயிருக்கும். மொழிபெயர்ப்பிலும் இதே கதைதான். இறைவனைக் குறிக்க, 18ஆம் நூற்றாண்டில் வேதாகமத்தை மொழிபெயர்த்த ஃபப்ரிசியஸ் ‘பராபரன்’ என்றார். 1871இல் வந்த பவர் குழுவின் திருப்புதலில் ‘தேவன்’. பின்வந்த மொழிபெயர்ப்புகளில் ‘கடவுள்’. அச்சிட்ட வேதாகமம் முடிவை மட்டும் காட்டும். யார் எதிர்த்தார், யார் விட்டுக்கொடுத்தார், எந்த வாக்கியத்தில் மனம் மாறினார் என்பதெல்லாம் கடிதத்திலும் குறிப்பிலும்தான் கிடக்கும்.

வேலூரில் இப்படிப்பட்ட பெட்டிகளுக்குக் குறைவிருக்க நியாயமில்லை. 1853இல் அமெரிக்க மிஷனரிகளின் ஆர்க்காடு மிஷன் முறையாக அமைந்த நாள் தொட்டு இங்கே குருமார், வேதாகம ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர் என்று எத்தனையோ பேர் எழுதிக் குவித்திருக்கிறார்கள். சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் தனியாவணங்கள் அமெரிக்காவில் ஹார்வர்டின் ஷ்லெசிங்கர் நூலகத்தில் ஒழுங்காக இருக்கின்றன. இங்கேயே வாழ்ந்து இங்கேயே அடங்கியவர்களுடையது எங்கே? தோட்டப்பாளையத்தில் ஒரு வீடு எனக்குத் தெரியும். இறையியல் கற்பித்தவர் போனபின் ட்ரங்குப் பெட்டி மாடியில் இருந்தது. மேலே இருந்த பிரசங்க நோட்டுகளை ராமபாணப் பூச்சி துளைத்திருந்தது; குண்டூசி துருப்பிடித்துக் காகிதத்தோடு ஒட்டிப்போயிருந்தது; அடியில் கிரேக்க வினைத்திரிபுகளை எழுதிய அட்டைகள் மட்டும் ரப்பர் பேண்டு அறுந்து, வரிசை கலையாமல் இருந்தன. பழைய பேப்பர்காரர் திறந்து பார்த்தார். “நோட்டு ஒரு ரேட்டும்மா, லூசு பேப்பரு ஒரு ரேட்டு. அந்த அட்டைய தனியாப் போடுங்க” என்றார். அந்த அம்மா தராசைப் பார்த்துவிட்டு, “தம்பி, பேப்பர மட்டும் எடுத்துக்க, அவரு எழுதுனது இருக்கட்டும்” என்றார். இரண்டையும் ஒரே பேச்சில் பிரித்துவிட்டார்.

பட்டியல் எழுதுகிறவர்களுக்கு ஒன்றிரண்டு. தலைப்பில் பெயர் முதலில், பின் ‘தனியாவணங்கள்’, பின் முதல் ஆவணத்தின் ஆண்டும் கடைசி ஆவணத்தின் ஆண்டும். பிறப்பு இறப்பு ஆண்டுகளை அங்கே போட்டால் குழப்பம். மாணவருக்குக் கொடுத்த நற்சான்றுக் கடிதம், மதிப்பெண் குறிப்பு, பாவ அறிக்கை போல ஒருவர் நம்பி எழுதிய கடிதம் ஆகியவற்றைத் தனிக் கோப்பில் வைத்து, இத்தனை ஆண்டுக்குத் திறக்கக் கூடாது என்று எழுதிவிடுங்கள். குண்டூசியையும் ரப்பர் பேண்டையும் எடுத்துவிடலாம், வரிசையைத் தொடாதீர்கள். வேறு தலைமுறையினர் எழுதிய ஞானஸ்நானச் சான்று அதே பெட்டியில் இருந்தால் ‘குடும்ப ஆவணங்கள்’ என்று துணைத்தலைப்பு போதும், தனித் தொகுப்பாகப் பிரிக்க வேண்டியதில்லை.