ரெலிகேஷன்: தரமிறக்கமா, கீழிறக்கமா?

ஆகஸ்டில் இங்கிலாந்துக் கால்பந்தின் முதல் நிலைப் போட்டியான பிரீமியர் லீக் தொடங்கும் முன் பத்திரிகைகள் 20 அணிகளையும் வரிசைப்படுத்தி ஒரு கணிப்புப் பட்டியல் போடும். அதில் தங்கள் அணி 19ஆம் இடத்தில் கிடந்தால் ரசிகர்கள் இரண்டு கட்சியாகிவிடுவார்கள். "ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை, அதற்குள் என்ன பேச்சு, வாயைக் கழுவு" என்பது ஒரு கட்சி. "கோல் அடிக்க ஆள் எங்கே இருக்கிறது? உள்ளதைத்தானே சொல்கிறார்கள்" என்பது இன்னொன்று. சண்டைக்கு நடுவில் இருக்கும் சொல் ரெலிகேஷன்.

பொருள் எளிது. பருவ முடிவில் கடைசி மூன்று இடங்களில் நிற்கும் அணிகள் அடுத்த ஆண்டு ஒரு படி கீழே, சாம்பியன்ஷிப்பில் ஆட வேண்டும். தொலைக்காட்சி வருமானம் பெருமளவு குறையும், நல்ல ஆட்டக்காரர்கள் வேறு கிளப் தேடுவார்கள். அந்தப் பயம்தான் ரசிகரை அப்படிப் பேச வைக்கிறது.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'லெகாரே' என்றால் ஒரு பொறுப்போடு அனுப்புவது. டெலிகேட் என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததுதான். 'ரெலெகாரே' என்றால் விலக்கி அனுப்புவது. ரோமானியச் சட்டத்தில் ரெலெகாட்டியோ என்பது ஒருவரை ஊரைவிட்டு அனுப்பும் தண்டனை. ஆனால் முழு நாடுகடத்தலைவிட இது லேசானது. குடியுரிமை போகாது, சொத்தும் பெரும்பாலும் கையிலேயே இருக்கும். கி.பி. 8இல் பேரரசர் அகஸ்டஸ், கவிஞர் ஓவிடைக் கருங்கடல் கரையிலுள்ள டோமிஸுக்கு அனுப்பினார். இன்றைய ருமேனியாவின் கான்ஸ்டன்ட்சா அது. தன்னை நாடுகடத்தப்பட்டவன் என்று சொல்லக் கூடாது, ரெலெகாட்டுஸ் என்றே சொல்ல வேண்டும் என்று ஓவிட் வற்புறுத்தி எழுதினார். எனக்கு இந்த வேறுபாடு மிகவும் பிடிக்கும். கீழே போன கிளப்புக்கும் பெயர், மைதானம், ரசிகர்கள் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. என்ன, ஓவிட் கடைசிவரை ரோம் திரும்பவில்லை. கிளப்புகள் திரும்பி வரலாம்.

இங்கிலாந்தின் ஃபுட்பால் லீக் 1888இல் 12 கிளப்புகளோடு தொடங்கியது. இரண்டாம் டிவிஷன் 1892இல் வந்தது. யார் மேலே, யார் கீழே என்று தீர்மானிக்கத் டெஸ்ட் மேட்ச் என்ற பெயரில் இரு டிவிஷன் அணிகளுக்கும் இடையே தனி ஆட்டங்கள் வைத்துப் பார்த்தார்கள்; 1898இல் அதை விட்டுவிட்டு, பட்டியல் இடத்தை வைத்தே நேரடியாக மாற்றும் முறைக்கு வந்தார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? தரமிறக்கம் என்று சிலர் எழுதுகிறார்கள். தரம் என்றால் படிநிலை என்ற பொருளும் உண்டு. இலங்கையில் ஐந்தாம் வகுப்பைத் தரம் 5 என்றே சொல்கிறார்கள். ஆனாலும் இந்தச் சொல்லில் ஆட்டத்தின் தரம் கெட்டது என்ற வாடையும் வருகிறது, வேகமாகப் படித்தால் தரவிறக்கம் என்று டவுன்லோடு நினைவுக்கு வருகிறது. பதவியிறக்கம் அலுவலகச் சொல். எனக்குச் சரியாகப் படுவது கீழிறக்கம். அதற்கு இணையாக மேலேற்றம் என்று புரொமோஷனையும் சொல்லிவிடலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. இறங்கு, இறக்கு என்று தன்வினை, பிறவினை இரண்டும் தமிழில் தனித்தனியாக நிற்கின்றன. களத்தில் தோற்றுக் கடைசியில் முடித்த அணி கீழிறங்கியது. 2006இல் நடுவர் நியமன முறைகேட்டுக்காக இத்தாலியின் யுவென்டஸ் கிளப்பை அந்நாட்டு இரண்டாம் டிவிஷனான செரீ பி-க்கு அனுப்பினார்களே, அது கீழிறக்கப்பட்டது. ஒரே எழுத்தில் குற்றமும் தோல்வியும் பிரிந்துவிடுகின்றன.

கணிப்பாளர்கள் சொல்வது எப்போதும் முதல் வகை. 2015இல் கிளாடியோ ரனியேரி பயிற்சியாளராகப் பொறுப்பேற்றபோது லெஸ்டர் சிட்டி கீழிறங்கும் என்று பலர் எழுதினார்கள். அது பட்டம் வெல்லும் என்பதற்குப் பந்தயக் கடைகள் ஒன்றுக்கு 5,000 என்று விலை வைத்தன. முந்தைய பருவத்தில் பல மாதம் கடைசி இடத்தில் கிடந்து கரையேறிய அணி என்பதால் அந்தக் கணிப்பில் நியாயம் இருந்தது. 2016 மே 2இல் அந்த அணி சாம்பியன் ஆனது, 81 புள்ளிகளோடு பருவத்தை முடித்தது. அப்புறம் 2023இல் கீழிறங்கியது, 2024இல் மேலேறியது, 2025இல் மறுபடி கீழிறங்கியது.