டாக்டர் படிப்போட மூணாவது வருஷத்துல என்ன ஆகுது?

முதல் தடவை வார்டுக்குள்ள வர்ற மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸ் முகத்தப் பாருங்க, யாராவது வலியில முனகினாலே இவங்க முகம் சுருங்கிடும். அதே பசங்க ரெண்டு மூணு வருஷம் கழிச்சு "14ஆம் பெட்ல ஸ்ப்ளீன் (மண்ணீரல்) நல்லா கைக்குத் தட்டுப்படுது, வாங்கடா"ன்னு கூப்பிடறாங்க. படுத்திருக்கற அம்மாவுக்குப் பேரே இல்லாம போயிடுது.

இப்படி எம்பதி, அதாவது நோயாளி நிலைமையப் புரிஞ்சுக்கற குணம், குறையறத அளந்தே பாத்திருக்காங்க. அதுக்கு ஜெஃபர்சன் ஸ்கேல்னு 20 கேள்வி இருக்கு, மார்க் 20ல இருந்து 140 வரைக்கும். ஹோஜத்துங்கற ஆராய்ச்சியாளரும் அவரோட குழுவும் அமெரிக்காவுல ஒரே பேட்ச் பசங்கள வருஷா வருஷம் அளந்து 2009ல வெளியிட்டாங்க, முதல் ரெண்டு வருஷம் பெருசா மாற்றம் இல்ல, மூணாவது வருஷத்துல சட்டுனு இறங்குது. அங்க அந்த வருஷம்தான் முழு நேரமும் நோயாளிகளோட இருக்க ஆரம்பிக்கறாங்க, அதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு. ஆனா வேற சில நாடுகள்ல பாத்தப்போ இப்படிக் குறையல, அதனால இது தானா நடக்கற விஷயம் கிடையாது, நாமதான் கத்துக்கொடுக்கறோம்னு நினைக்கறேன்.

எப்படின்னா, பாடம் நடத்தற நானே பண்ணத சொல்றேன். ஒரு தடவை எட்டு பேர் வரிசையா ஒரே வயித்த அமுக்கிப் பாத்துட்டு இருந்தாங்க, அந்த அம்மா கண்ண இறுக்கி மூடிட்டு படுத்திருந்தாங்க. ஒரு பொண்ணு மட்டும் ரெண்டு கையையும் தேச்சு சூடாக்கிட்டு "தொடலாமாம்மா, வலிச்சா சொல்லுங்க"ன்னு கேட்டுச்சு, பாத்து முடிச்சதும் போர்வைய இழுத்து மூடி விட்டுச்சு. நான் வாட்ச்சப் பாத்துட்டு "சீக்கிரம், சீக்கிரம்"னேன். எந்த சிலபஸ்லயும் இல்லாத பாடம் அது, அன்னைக்கு எட்டு பேரும் அதத்தான் கத்துக்கிட்டாங்க.

எம்பதின்னா நோயாளியோட சேந்து அழறது இல்ல. அவங்க நிலைமை என்னன்னு புரிஞ்சுக்கணும், புரிஞ்சுதுன்னு அவங்களுக்கும் தெரியணும், அவ்வளவுதான். இது வெறும் நல்ல பழக்கம் மட்டும் கிடையாது, 2011ல 891 சர்க்கரை நோயாளிகள வச்சுப் பாத்தப்போ, இந்த ஸ்கேல்ல அதிக மார்க் வாங்கின டாக்டர்ஸ்கிட்ட போனவங்களுக்கு ஹெச்பிஏ1சி (ரெண்டு மூணு மாச சராசரி சர்க்கரை அளவு), எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) ரெண்டுமே நல்லா கண்ட்ரோல்ல இருந்துச்சு. இன்னொண்ணு, 1984ல வந்த ஆய்வுல நோயாளி பேச ஆரம்பிச்சு சராசரியா 18 செகண்ட்லயே டாக்டர் குறுக்க பேசிடறாங்கன்னு தெரிஞ்சுது. சொல்ல வந்ததே பாதியில நின்னுபோனா டயக்னோசிஸ் எங்கிருந்து வரும்?

இப்ப ரவுண்ட்ஸ்ல நோய் பேருக்கு முன்னாடி நோயாளி பேரைத்தான் கேக்கறேன், முடிஞ்சா பக்கத்துல உக்காந்து பேசச் சொல்றேன். அதுக்காக எல்லாத்தையும் பசங்க மேல போட முடியாது, ராத்திரி முழுக்கத் தூங்காம, சீனியர் திட்டு வாங்கிட்டு நிக்கறவங்ககிட்ட கனிவா இருன்னு மட்டும் சொன்னா எப்படி. அவங்க எப்படி இருக்காங்கன்னும் யாராவது கேக்கணும்ல.

போன மாசம் ஒரு பையன் பாத்துட்டிருந்த பாட்டி இறந்துட்டாங்க. வழக்கமா அடுத்த ஃபைல எடுன்னு சொல்லிடுவோம். அன்னைக்கு சும்மா அவன்கூட உக்காந்தேன், அவன் ரொம்ப நேரம் பேசவே இல்ல, அப்புறம் "தண்ணி கேட்டாங்க சார், இதோ வர்றேன்னு சொல்லிட்டுப் போயிட்டேன்"னான். கேஸ் டிஸ்கஷன அடுத்த நாளைக்குத் தள்ளி வச்சுட்டேன்.