எந்த வயதுக் குட்டியை எந்த வகுப்பில் இறக்குவது?

பெடிகிரி (வம்சாவளி) சான்றிதழுடன் வாங்கிய நாய்க்குட்டிக்கு நான்கு மாதம் ஆனதுமே, கண்காட்சிக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டு வருபவர்கள் கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் இப்போது அதிகம். கேட்பதில் தவறில்லை, ஆனால் அந்தக் கேள்வி பெரும்பாலும் "ஏனுங்க டாக்டர், எந்த கிளாஸ்ல போட்டா பிரைஸ் கெடைக்குமுங்க?" என்ற வடிவத்தில்தான் வருகிறது. நான் முதலில் கேட்பது இரண்டு தேதிகளை: குட்டி பிறந்த தேதி, கண்காட்சி நடக்கும் தேதி. இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களை எண்ணிப் பார்த்தால், அன்றைக்கு அதன் பற்களும் எலும்பும் தடுப்பூசிப் பாதுகாப்பும் மனநிலையும் எந்தக் கட்டத்தில் இருக்கும் என்பதை ஏறக்குறையச் சொல்லிவிடலாம். வகுப்பை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நம் ஊர்க் கண்காட்சிகளில் மைனர் பப்பி, பப்பி, ஜூனியர், இண்டர்மீடியட், பிரெட் இன் இந்தியா, ஓப்பன், சாம்பியன் ஆகிய வகுப்புப் பெயர்கள் வழக்கமாகக் காதில் விழும். ஒரே பெயர் எல்லா இடத்திலும் ஒரே வயதைக் குறிக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. பெல்ஜியத்தைத் தலைமையிடமாகக் கொண்ட எஃப்.சி.ஐ. என்ற உலக நாய்ச் சங்கங்களின் கூட்டமைப்பின் விதிப்படி பப்பி வகுப்பு 6 முதல் 9 மாதம் வரை, ஜூனியர் 9 முதல் 18 மாதம் வரை, இண்டர்மீடியட் 15 முதல் 24 மாதம் வரை. ஓப்பன் வகுப்புக்கு 15 மாதம் நிறைந்திருக்க வேண்டும். பிரிட்டனிலோ 6 முதல் 9 மாதம் வரை உள்ளதைத்தான் மைனர் பப்பி என்கிறார்கள். அங்கே பப்பி வகுப்பு 12 மாதம் வரை நீள்கிறது. நண்பர் சொன்னார், யூடியூபில் பார்த்தேன் என்று நிரப்பாமல், அந்தக் குறிப்பிட்ட கண்காட்சியின் ஷெட்யூலை (வகுப்புகளும் விதிகளும் அடங்கிய அறிவிப்பை) வரிவரியாகப் படித்த பிறகே விண்ணப்பத்தில் கை வைக்க வேண்டும். வயது கணக்கிடப்படுவது ரிங்குக்குள், அதாவது நடுவர் பார்வையிடும் களத்துக்குள், நாய் நிற்கும் நாளை வைத்துத்தான். என்ட்ரி அனுப்பும் நாளில் ஐந்தரை மாதமாக இருந்த குட்டி, கண்காட்சி நாளில் அடுத்த வகுப்புக்குப் போயிருக்கலாம்.

அதைவிட முக்கியமாக நான் கருதுவது, அந்த வயது வரம்புக்குள் உங்கள் குட்டி எந்த ஓரத்தில் நிற்கிறது என்பது. 6 முதல் 12 மாதம் வரையிலான வகுப்பில் 6 மாதமும் ஒரு வாரமும் ஆன லேப்ரடார் குட்டியும், பதினோரு மாதம் தாண்டிய லேப்ரடாரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்று இன்னும் குட்டி, மற்றொன்று ஏறத்தாழ முழு உயரம் எட்டிவிட்ட நாய். நடுவர் வயதை மனதில் வைத்துத்தான் பார்ப்பார் என்றாலும், நெஞ்சுக்கூடு இறங்கி, முதுகுக்கோடு நிலைத்து, நடை சீராகிவிட்ட நாயின் பக்கம் கண் போவது இயல்பு. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்பில் ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு ஆண் குட்டிகளை அண்ணன் தம்பி இருவர் வளர்த்தார்கள். தம்பி ஆறு மாதம் முடிந்த கையோடு குட்டியை இறக்கிவிட்டார். அண்ணன் அதே வகுப்பின் கடைசி மாதங்கள் வரை காத்திருந்தார். பரிசு யாருக்கு என்பதை விடுங்கள். தம்பி கையில் வளர்ந்த நாய் இரண்டாம் முறை ரிங் கயிற்றைக் கண்டதுமே வாலை ஒடுக்கியது என்பதுதான் என் கவலைக்குரிய செய்தி. பெரிய நாய்களின் இரைச்சலுக்கு நடுவே கிடைத்த முதல் அனுபவம் அதன் மனதில் தங்கிவிட்டது.

இனி, நான்கு மாதக் குட்டிகளையே ஏற்கும் வகுப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மருத்துவமனைக்கு வரும் சிக்கல்களில் கணிசமானவை இங்கேதான் தொடங்குகின்றன. தாய்ப்பால் வழியாகக் குட்டிக்குக் கிடைக்கும் எதிர்ப்புச் சக்தி, தடுப்பூசியையும் சேர்த்தே மட்டுப்படுத்திவிடும் என்பதால்தான் பார்வோ, டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோய்களுக்கான ஊசிகளை ஒரே தடவையில் முடிக்காமல் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, 16 வாரம் நிறையும் வரை தொடர்ந்து போடச் சொல்கிறோம். 16 வாரம் என்பது 112 நாட்கள். நான்கு மாதம் என்பது ஏறத்தாழ 120 நாட்கள். அதாவது நான்கு மாதம் முடிந்த அன்றே ரிங்கில் நிற்கும் குட்டி, ஒழுங்காக ஊசி போட்டிருந்தாலும், கடைசி ஊசிக்குப் பிறகு ஒரு வாரத்தைத்தான் தாண்டியிருக்கும். அந்த ஊசியின் பலனை நம்பி வெளியே அழைத்துப் போக இரண்டு வாரமாவது வேண்டும். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கக்கூடியது. பல ஊர் நாய்கள் வந்து சிறுநீர் கழித்து, மலம் கழித்துப் போகும் மைதானத்தைவிட அதற்கு வசதியான இடம் வேறில்லை. ஆகவே இந்த வகுப்பில் இறக்குவதாக இருந்தால், ஐந்து மாதத்தைத் தாண்டிய குட்டியாக இருக்கட்டும். ரேபிஸ் ஊசியும் லெப்டோ (எலிக்காய்ச்சல்) ஊசியின் இரண்டாம் தவணையும் முடிந்திருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழைநீர் தேங்கிய மைதானம் என்றால் லெப்டோ விஷயத்தில் கூடுதல் கண்டிப்பு தேவை.

அதே மாதங்களில்தான் பல்லும் விழுந்து முளைக்கிறது. குட்டிக்கு 28 பால் பற்கள், வளர்ந்த நாய்க்கு 42 நிலைப் பற்கள். முன்பற்கள் மூன்றரை மாதத்துக்கு மேல் விழத் தொடங்கும். கோரைப் பற்கள் ஐந்து, ஆறு மாதத்தில் மாறும். ஏழு மாதத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். நடுவர் உதட்டைத் தூக்கிப் பற்களின் பொருத்தத்தைப் பார்ப்பது பரிசோதனையின் கட்டாயப் பகுதி. ராட்வைலர், டாபர்மேன் போன்ற இனங்களில் பற்களின் எண்ணிக்கையையும் பார்ப்பார்கள். அவிநாசியிலிருந்து ஒரு குடும்பம் ஐந்து மாத ராட்வைலர் குட்டியுடன் வந்தது. மேல் கோரைப் பால்பல் விழாமல் தொங்கிக்கொண்டிருக்க, அதன் முன்னாலேயே நிலைப்பல் எட்டிப் பார்த்தது. ஈறு சிவந்து வீங்கி, விரல் பட்டாலே குட்டி தலையை உதறியது. அந்த வாரமே கண்காட்சி. போக வேண்டாம் என்று நான் சொன்னதற்கு முதன்மையான காரணம் பரிசு கிடைக்காது என்பது அல்ல. அந்த வாயை ஒரு அந்நியர் திறந்தால், அந்நியர் கை என்றாலே வலி என்று குட்டி கற்றுக்கொள்ளும், அதை மறக்கடிக்கப் பல மாதம் ஆகும் என்பதுதான். கொங்கு நாட்டு விவசாயிகளுக்கு இதை விளக்குவது எளிது: பல் போடாத காங்கேயம் கன்றை யாரும் வண்டியில் பூட்டுவதில்லை.

ஆண் குட்டியென்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இரண்டு விதைகளும் விதைப்பைக்குள் முழுமையாக இறங்கியிருக்க வேண்டும் என்பது எஃப்.சி.ஐ. விதி. வழக்கமாக இரண்டு மாதத்திலேயே இறங்கிவிடும்; ஆறு மாதம் ஆகியும் ஒன்று இறங்கவில்லை என்றால், கண்காட்சிக் கனவை ஒத்திவைத்துவிட்டு மருத்துவரிடம் பேசுவதே முறை.

ஜூனியர் வகுப்பு பலர் நினைப்பதைவிடச் சிக்கலானது. ஒன்பது மாதம் முதல் ஒன்றேகால் வயது வரை பெரிய இன நாய்கள் கால் மட்டும் நீண்டு, பின்பக்கம் தூக்கி, மார்பு நிறையாமல் ஒரு பொருந்தாத உருவத்தில் இருக்கும். குறிப்பாக நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்கள் பத்து மாதத்தில் வெறும் காலும் விலாவுமாகத் தெரியும். மார்பு ஆழம் இறங்க ஒன்றரை வயதுக்கு மேலும் ஆகலாம். தாராபுரம் பக்கத்து வளர்ப்பாளர்களில் பொறுமையானவர்கள் இந்த இடைவெளியில் நாயை வெளியே காட்டுவதே இல்லை. அது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். பீகிள், டாஷண்ட், பக் போன்ற சிறிய இனங்கள் முந்தி முதிர்ந்துவிடுவதால், அவற்றை ஜூனியரில் இறக்குவதில் இந்தத் தயக்கம் தேவையில்லை. நடுவர் பார்ப்பதற்காக மேசை மேல் நின்று பழகியிருக்கிறதா என்பதே அவற்றுக்குப் பெரிய கேள்வி.

என் தொழிலில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் முடிவு, இளம் நாயை ஓப்பன் வகுப்புக்கு ஏற்றுவதுதான். "நம்ம பையன் பாக்க பெருசாத்தானுங்க இருக்கான்" என்பார்கள். ஓப்பன் வகுப்பில் முதிர்ந்த நாய்களும், வெளிநாட்டிலிருந்து வந்தவையும், ரிங்கில் நாயை நடத்திக் காட்டும் தொழில்முறை ஹேண்ட்லர் கையில் பழகியவையும் நிற்கும். அவற்றுக்கு ஈடாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையில்தான் வீட்டில் திணிப்பு தொடங்குகிறது: ஒரு நாளைக்கு நான்கைந்து நாமக்கல் முட்டை, கணக்கில்லாத கோழிக்கறி, அதற்கு மேல் கால்சியம் சிரப். பெரிய இனக் குட்டிகளுக்கு இது நேரடியான கேடு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் குடல், தேவைக்கு அதிகமான கால்சியத்தைத் தடுத்து நிறுத்தும் திறன் பெறாதது; உள்ளே போனது எலும்பு வளர்ச்சியைக் குலைத்து, முன்னங்கால் வளைவு, மூட்டுக் குருத்தெலும்புச் சிதைவு என்று வெளிப்படும். தரமான லார்ஜ் பிரீட் பப்பி உணவு கொடுப்பவர்களுக்குத் தனியாகக் கால்சியம் தேவையே இல்லை. இன்னொரு பழக்கம், தசை ஏற வேண்டும் என்று ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நாயை ஓடவிடுவது. பெரிய இனங்களில் எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் (எலும்பு நீளும் முனைப் பகுதிகள்) மூட 12 முதல் 18 மாதம் ஆகும். அதற்கு முன் தார்ச் சாலையில் வேக ஓட்டம் கூடாது. டைல்ஸ், கிரானைட் தரையில் வழுக்கி வழுக்கி வளரும் குட்டிகளுக்குக் கால் விரிந்துபோவதையும் அடிக்கடி பார்க்கிறேன். வீட்டில் ஒரு பகுதிக்காவது சாக்கோ ரப்பர் பாயோ விரித்துவிடுங்கள்.

பெரிய வகுப்பில்தான் நிற்க வேண்டும் என்ற விருப்பம் தீரவில்லை என்றால், இந்தியாவில் பிறந்த நாய்களுக்கான பிரெட் இன் இந்தியா வகுப்பு ஓப்பனைவிடப் பொருத்தம். நம் நாட்டில் பிறந்து வளர்ந்தவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடும் இடம் அது. உள்ளூர் வளர்ப்பாளர்களின் உழைப்பு மதிப்பிடப்படுவதும் அங்கேதான். அங்கும் ஒன்றரை வயது தாண்டிய பிறகு போவதே என் பரிந்துரை.

ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட வகுப்பில் பெயர் கொடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். எஃப்.சி.ஐ. முறையில் ஒரு நாய்க்கு ஒரே வகுப்புதான். பிரிட்டன் வழி முறையில் பல வகுப்புகளுக்கு இடமுண்டு. ஆனால் சாம்பியன் பட்டத்துக்கு வேண்டிய சேலஞ்ச் சர்ட்டிஃபிகேட்டுக்காக நிற்பவை அன்று தோற்காத வகுப்பு வெற்றியாளர்கள். பப்பியில் முதலிடம் பிடித்த குட்டி, அடுத்ததாக ஓப்பனிலும் நின்று அங்கே தோற்றுவிட்டால், கையிலிருந்த வாய்ப்பும் போய்விடும். பங்குனி வெயிலில் பந்தலுக்கும் ரிங்குக்கும் மூன்று முறை இழுத்துச் செல்லப்பட்ட குட்டி, மூன்றாம் முறை நடையைக் காட்டாது என்பதும் உண்மை. மூக்கு சப்பையான பக், ஷிட்சூ போன்றவற்றுக்கு அது உயிருக்கே ஆபத்து. நாயின் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது அவசர நிலை.

பெட்டை வைத்திருப்பவர்கள் முதல் இனப்பெருக்கப் பருவத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் பெரும்பாலும் வந்துவிடும். பெரிய இனங்களில் தாமதமாகலாம். பருவம் முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் முடி கொட்டுவதும் வழக்கம் என்பதால், கோல்டன் ரெட்ரீவர் போன்ற அடர்முடி நாய்க்கு அந்த இடைவெளியில் என்ட்ரி கட்டுவது வீண்செலவு.

மே மாதம் ஊட்டிக் கண்காட்சிக்குப் போக நினைப்பவர்கள் இப்போதே செய்ய வேண்டியது இது. கே.சி.ஐ. (இந்திய கென்னல் கிளப்) சான்றிதழை எடுத்து, அதிலுள்ள பிறந்த தேதியையும், பதிவுப் பெயரின் எழுத்துகளையும், 15 இலக்க மைக்ரோசிப் எண்ணையும் பாருங்கள். சிப் எண் ஸ்கேனரில் சரியாகப் படிகிறதா என்று உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். சிப் தோளிலிருந்து இறங்கிக் கைப் பக்கம் நகர்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். கண்காட்சி நாளில் குட்டியின் வயது இரண்டு வகுப்புகளின் எல்லையில் விழுகிறது என்றால், சிறிய வகுப்பின் மூத்த குட்டியாக அது நிற்கும் கண்காட்சியைத் தேர்ந்தெடுங்கள். பெரிய வகுப்பின் இளைய குட்டியாக நிற்க வேண்டியிருக்கும் கண்காட்சிக்கு, நாயைக் கூட்டிப் போகாமல் நீங்கள் மட்டும் போய், அந்த வகுப்பில் நிற்கும் உங்கள் இன நாய்களை ரிங் ஓரத்தில் நின்று பாருங்கள்.