பாயின்ட் கார்டு: சொல்லும் பொருளும்

காரைக்குடிப் பக்கம் மாலையில் கூடைப்பந்து ஆடும் பிள்ளைகளிடம் எந்த இடத்தில் ஆடுகிறாய் என்று கேட்டால் கார்டு, ஃபார்வர்டு, சென்டர் என்றுதான் பதில் வரும். இதைத் தமிழில் எழுதும்போது கார்டைக் 'காவலர்' என்று போட்டுவிடுகிறார்கள். அது பொருந்தவில்லை.

பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் கார்டு. காத்தல், கண்காணித்தல் என்று பொருள். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக்கூடைகளை மாட்டி இந்த ஆட்டத்தைத் தொடங்கியபோது அணிக்கு 9 பேர். முன்னே மூவர், நடுவே மூவர், பின்னே மூவர். நம் வீடுகளின் முகப்பு, வளவு, பின்கட்டு மாதிரி. பின்கட்டில் நின்று தங்கள் கூடையைக் காத்தவர்கள்தான் கார்டு. அன்றைக்குக் காவலர் என்பது சரியான பெயர்.

பிறகு அணி 5 பேராகச் சுருங்கியது. தாக்குவதும் தடுப்பதும் எல்லாருக்கும் பொதுவாயிற்று. வேலை மாறியும் பெயர் நின்றுவிட்டது. இன்று கார்டு என்பதில் பாயின்ட் கார்டு, ஷூட்டிங் கார்டு என்று இரண்டு வகை. முதலில் பாயின்ட் கார்டைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். ஒரு கை பந்தைத் தட்டிக்கொண்டே இருக்கும். மறு கை இரண்டு விரலைத் தூக்கிக் காட்டும். உடனே மற்ற நால்வரும் இடம் மாறுவார்கள். அவர் கண் பந்தின் மேல் இருக்காது. 8 நொடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும், 24 நொடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். இந்தக் கணக்கெல்லாம் அவர் பொறுப்பு. 'ஆட்டம் அமைப்பவர்' என்பதே அவருக்குத் தகும். ஷூட்டிங் கார்டு தொலைவிலிருந்து கூடை போடுபவர், 6.75 மீட்டர் கோட்டுக்கு வெளியிலிருந்து விழுந்தால் 3 புள்ளி. அவரைத் 'தொலை எறிவீரர்' எனலாம்.

ஃபார்வர்டுக்கு ஹாக்கிச் செய்திகளில் பழகிய 'முன்கள வீரர்' இருக்கிறது. ஸ்மால் ஃபார்வர்டைச் 'சிறிய' என்று பெயர்க்க வேண்டாம். பக்கவாட்டில் ஓடி ஆடுவதால் 'பக்க முன்கள வீரர்'. பவர் ஃபார்வர்டு 'வலு முன்கள வீரர்'. பழந்தமிழில் முன்னணிப் படைக்குத் தூசி என்று பெயர். எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் இன்று தூசி என்றால் புழுதிதான் நினைவுக்கு வரும்.

அப்புறம் சென்டர். கிரேக்கத்தின் கென்ட்ரானிலிருந்து வந்த சொல். கென்ட்ரான் என்றால் கூர்முனை. கவராயம் ஊன்றும் புள்ளிக்கும் அதுவே பெயர். 1937 வரை ஒவ்வொரு கூடைக்குப் பிறகும் நடுவட்டத்தில் பந்தை மேலே எறிந்துதான் ஆட்டம் தொடரும். அங்கே எகிறித் தட்ட உயரமானவர் நிற்பார். இப்போது தொடக்கத்தில் மட்டும்தான் அந்த எகிறல். மற்ற நேரமெல்லாம் 3.05 மீட்டர் உயர வளையத்தின் கீழே, தவறி வரும் பந்தைப் பிடிப்பதும் எதிரியின் எறியை மறிப்பதும்தான் அவர் வேலை. 'நடுவர்' என்றால் விசில் ஊதுபவரோடு குழம்பும். 'கூடையடி வீரர்' என்று சொல்லிப் பாருங்கள், எங்கே நிற்க வேண்டும் என்பது புதிதாக ஆட வரும் பிள்ளைக்கும் உடனே விளங்கும். எதிரணிக் கூடையடியில் மட்டும் 3 நொடிக்கு மேல் நிற்கக்கூடாது என்று கூடவே சொல்லிக்கொடுக்க வேண்டும்.